அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போகாதீர்கள்

நவம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் வயதான அம்மா இருந்தால், உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் நவம்பரில் கொடுக்கும் ஆயுள் சான்றுக்காக அவரை வங்கிப் படியேற வைக்காதீர்கள்.

நான் ஏற வைத்தேன். "நீ இருக்கும்போதே முடிச்சிடுப்பா" என்றார் சித்தப்பா. அப்பா ரயில்வேயில் இருந்தவர். அம்மாவுக்கு 82 வயது. கிளை மாடியில், செங்குத்தான படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், கைரேகை விழவில்லை. அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த விரல்கள், ரேகை எங்கே இருக்கும்? "நாளைக்கு வாங்க" என்றார் அங்கிருந்தவர். உயிரோடு எதிரில் நிற்கிறவரிடம்! இறங்கும்போது கடைசிப் படியில் கால் மடங்கி அம்மா விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

70 வயதைத் தாண்டியவர்களிடம் வீட்டுக்கே வந்து ஆயுள் சான்று வாங்கிக்கொள்ளும்படி ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சொன்னால் தபால்காரரும் வீட்டுக்கு வந்து எடுத்துத் தருவார். ரேகை விழாதவர்கள் கைபேசியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். இதெல்லாம் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வாரம் தவறாமல் வீடியோவில் பேசினேன். அதில் முகம்தான் தெரியும், கால் தெரியாது. அம்மா சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறதாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அதனால் போன அன்றே பாருங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா? புடவையோ ரவிக்கையோ தொளதொளக்கிறதா? வயசு என்று விட்டுவிடாதீர்கள், தசை கரைகிறது. ராத்திரி இரண்டு வாய் ரசம் சாதம் போதாது. பருப்பு, தயிர், சாப்பிடுவார் என்றால் முட்டை வேண்டும். உட்கார்ந்து எழும் பயிற்சி இந்த வயதிலும் காலுக்குப் பலம் தரும். மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுந்ததும் தலைசுற்ற வைக்கலாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) வீட்டுக்கே வருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் குளியலறையில் கைப்பிடி பொருத்தினேன். அம்மா வீங்காத கையால் அதைப் பிடித்து இரண்டு தடவை எழுந்து காட்டினார், நான் நிம்மதியாக விமானம் ஏற வேண்டும் என்று.