மிக்ஸியில் பால் சேர்க்காத சாக்லேட் ஸ்மூத்தி: கோகோ திரளாமல், கடலை நெருடாமல்

பாலும் வெள்ளைச் சர்க்கரையும் இல்லாமல், நம் ஊர்க் கடையில் கிடைப்பதை வைத்தே கெட்டியான சாக்லேட் ஸ்மூத்தி செய்யலாம். பாதாம் பால் பாக்கெட்டோ விலை கூடிய பிளெண்டரோ தேவையில்லை. வேர்க்கடலையும் சட்னி ஜாரும் போதும். பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் சொதப்பும். ஒன்று, கோகோ கரையாமல் திட்டுத்திட்டாக மிதப்பது. இன்னொன்று, கடலை சரியாக அரையாமல் தொண்டையில் நெருடுவது. இரண்டுக்கும் காரணம் தெரிந்தால் மற்றதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

ஒரு பெரிய டம்ளருக்கு (சுமார் 400 மி.லி.)

- வேர்க்கடலை – 30 கிராம் (வறுத்துத் தோல் நீக்கியது, ஒரு கைப்பிடி)
- எள் – 1 மேசைக்கரண்டி, வறுத்தது
- இனிப்பில்லாத கோகோ பவுடர் – 10 கிராம் (தலைதட்டி 2 மேசைக்கரண்டி)
- கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் – 2
- நன்கு பழுத்த வாழைப்பழம் – 100 கிராம், வட்டமாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்தது
- உப்பு – 1 சிட்டிகை
- கொதித்த தண்ணீர் – 80 மி.லி.
- குளிர்ந்த தண்ணீர் – 150 மி.லி.

கடையில் 'டிரிங்கிங் சாக்லேட்' என்று விற்பதை எடுத்துவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு சர்க்கரை. பொருட்கள் பட்டியலில் சர்க்கரை என்ற சொல்லே வராத கோகோ பவுடர்தான் நமக்கு வேண்டும்.

முந்தின இரவு

கடலையை அடிகனமான சட்டியில் சிறுதீயில் வறுத்து, ஆறியதும் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். வறுக்காத கடலையில் பச்சை வாசம் வரும், அது சாக்லேட்டை அமுக்கிவிடும். வறுத்த கடலைக்கும் கோகோவுக்கும் அப்படி ஒரு பொருத்தம். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாடை அடிப்பது எதுவாக இருந்தாலும் தயங்காமல் எறியுங்கள். கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பிறகு 30 கிராம் கடலையை மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வாழைப்பழத்தை முழுதாக ஃப்ரீசரில் வைக்காதீர்கள். நம் மிக்ஸி பிளேடு அதை வெட்டாது, பழம் ஜாருக்குள் சும்மா சுற்றும். அரை அங்குல வட்டங்களாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பழம்? மொரிஸ், பச்சைப்பழம் என்று விற்கும் நீளப் பழம் இதற்கு முதல் தேர்வு. தன் வாசத்தைத் திணிக்காமல் நல்ல வழவழப்பைத் தரும். தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பிறகே நறுக்குங்கள். செவ்வாழையும் நன்றாகவே வரும். பூவனில் மெல்லிய புளிப்பு உண்டு, கோகோவோடு சேர்ந்தால் அது எடுப்பாகத் தெரியும். கற்பூரவள்ளி தேன்போல இனிக்கும், ஆனால் சில பழங்களில் கறுப்பு விதை இருக்கும். நறுக்கும்போது பார்த்து எடுக்காவிட்டால் மிக்ஸி அதை உடைத்துக் கல்லைக் கடித்தமாதிரி ஆக்கிவிடும்.

கோகோவை நனைப்பது

எல்லாவற்றையும் ஜாரில் கொட்டி ஓடவிட்டால் என்ன ஆகும்? மேலே பழுப்பு நுரை, ஓரமெல்லாம் காய்ந்த பொடி, குடிக்கும்போது மாவு மாவாக ஒரு உணர்வு. பவுடர் மட்டம் என்று பலர் பிராண்டை மாற்றிப் பார்ப்பார்கள். குறை பவுடரில் இல்லை, குளிர்ந்த தண்ணீரில் இருக்கிறது.

கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெயைப் பிழிந்தெடுத்த பிறகும் கோகோ பவுடரில் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு மிஞ்சும். சில வகைகளில் இருபதுக்கு மேலும் இருக்கும். குளிரில் அந்தக் கொழுப்பு கெட்டியாக இருந்து தண்ணீரை உள்ளே விடாது. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் சூடான தண்ணீர் பட்டதும் துகள் நனைய ஆரம்பிக்கிறது. அதிலுள்ள மாவுச்சத்தும் சூட்டில் ஊறிக் கெட்டிப்படும். வாசமும் அப்போதுதான் எழும். அதே 10 கிராம் கோகோ, வெந்நீரில் நனைந்தால் இன்னும் அடர்த்தியான சாக்லேட்டாகத் தெரியும்.

சூடான தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்து பசைபோல ஒட்டிக்கொள்ள, உள்ளே பொடி காய்ந்தபடியே கிடக்கும். கட்டி தட்டுவது இப்படித்தான். அகலமான கிண்ணத்தில் கோகோவையும் உப்பையும் போடுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டு, கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். முதலில் திரிதிரியாக இருக்கும், விடாமல் தேய்த்தால் பளபளப்பான விழுதாகும். அந்தப் பளபளப்பு வந்த பிறகே மீதி வெந்நீரை ஊற்றிக் கலக்க வேண்டும். அதிலேயே பேரீச்சம்பழத்தைப் பிய்த்துப் போட்டு மூடிவிடுங்கள். பத்து நிமிடத்தில் பழம் ஊறும், கோகோ முழுதாக நனையும், சூடும் தணியும்.

சூடு தணிவது முக்கியம். கொதிக்கக் கொதிக்க மூடிய ஜாரில் அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கியடிக்கும். கிண்ணத்தின் அடியைத் தொட்டால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே ஜாரில் ஊற்றுங்கள்.

அரைக்கும் வரிசை

சட்னி ஜார்தான். ஒரு டம்ளர் மட்டும் செய்யும்போது பெரிய ஜாரை எடுத்தால் கடலை பிளேடுக்குச் சிக்காமல் சுவரில் அப்பிக்கொள்ளும். வடிகட்டி வைத்த ஜூஸ் ஜார் இதற்கு வேண்டவே வேண்டாம், நார்ச்சத்து முழுவதும் அதிலேயே தங்கிவிடும்.

முதலில் எள்ளை மட்டும் காய்ந்த ஜாரில் போட்டு இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு வடித்த கடலையைப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் 50 மி.லி. மட்டும் விடுங்கள். கூடாரம்போல மேலெழும்பாமல் கடலை தண்ணீரோடு சமமாக இருக்க வேண்டும், அவ்வளவே. தண்ணீர் அதிகமானால் கடலைத் துண்டுகள் நீந்திப் பிளேடுக்குத் தப்பிவிடும். குறைவாக இருந்தால்தான் ஒன்றோடொன்று உரசி மைய அரையும். ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு இன்னொரு நிமிடம் ஓட்டுங்கள். துளி எடுத்து இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று பட்டால் இன்னும் அரைய வேண்டும். இந்தக் கட்டத்தில் விட்டுவிட்டால் பின்னால் எவ்வளவு ஓட்டினாலும் சரியாகாது, அதற்குள் தண்ணீர் கூடியிருக்கும்.

மைய அரைந்ததும் கோகோவையும் பேரீச்சம்பழத்தையும் அந்தத் தண்ணீரோடு ஊற்றி அரை நிமிடம். அடுத்து மீதி 100 மி.லி. குளிர்ந்த தண்ணீர். கடைசியில் ஃப்ரீசரிலிருந்து எடுத்து மூன்று நான்கு நிமிடம் வெளியே வைத்த வாழைப்பழம். இதை முதலில் நான்கைந்து முறை விட்டுவிட்டுச் சுற்றி உடைத்துக்கொண்டு, பிறகு தொடர்ந்து 30 நொடி ஓட்டினால் போதும். அதற்கு மேல் ஓட்டினால் பிளேடின் சூட்டில் குளிர்ச்சி போய்விடும், கெட்டித்தன்மையும் குறையும். சட்னி ஜார் சிறியதாக இருந்தால், தண்ணீர் சேர்க்கும் கட்டத்தில் பெரிய ஜாருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரப்பி ஓட்ட வேண்டாம்.

நடுவில் மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டால் பதற்றப்பட வேண்டாம், உறைந்த பழம் பிளேடைப் பிடித்திருக்கும். சுவிட்சை அணைத்து, பழத்தைக் கிளறிவிட்டு, சில நிமிடம் ஆறவிட்டு, மிக்ஸியின் அடியில் இருக்கும் சிறு சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் போடுங்கள். ஐஸ் கட்டி சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. உருகும்போது சாக்லேட் நீர்த்துவிடும், உறைந்த பழமே போதுமான குளிர்ச்சி தரும்.

கோகோவில் இரண்டு வகை

சாதாரண கோகோ வெளிர் பழுப்பு, லேசான புளிப்பு. காரம் (அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது கருமையாகவும் மென்மையாகவும் இருக்கும். இதை டச்சு முறை என்பார்கள், 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் கொண்டுவந்தது. பொருட்கள் பட்டியலில் 500 அல்லது 501 என்ற எண்ணோடு அமிலத்தன்மையைச் சீர்செய்யும் பொருள் குறிக்கப்பட்டிருந்தால் அது காரம் சேர்த்தது. புதிதாகச் செய்பவர்கள் இதில் தொடங்குவது நல்லது, புளிப்புத் தொல்லை இல்லை. ஆனால் கோகோவின் ஃபிளவனால் என்ற சத்துப்பொருள் காரத்தில் கணிசமாகக் குறைந்துவிடும். அது வேண்டுமென்றால் சாதாரண வகையே சரி.

ஃபிளவனாலுக்காகக் குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாழைப்பழத்தை வெட்டினால் கறுக்கச் செய்யும் நொதி ஃபிளவனாலையும் சிதைக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்கள் உடலில் சேர்ந்த ஃபிளவனால், அதையே மாத்திரையாக எடுத்தபோது சேர்ந்ததைவிட 84 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த நொதி மாம்பழத்தில் குறைவு. சீசனில் உறைந்த மாம்பழத் துண்டுகளைப் போட்டுப் பார்க்கலாம். சுவைக்கு மட்டும் கேட்டால் வாழைக்கே என் ஓட்டு.

சத்துக் கணக்கு

இந்த ஒரு டம்ளரில் சுமார் 400 கலோரியும் 13 கிராம் புரதமும் இருக்கும். பாதிக்கு மேல் புரதம் கடலையிலிருந்து வருகிறது. அதாவது இது காலை உணவுக்கு ஈடு, இட்லியோடு சேர்த்துக் குடிக்கும் பானம் அல்ல. வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். வாழையும் பேரீச்சையும் சேர்ந்து ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை தரும்.

பசும்பாலுக்கு மாற்றாக இதை நம்பினால் இரண்டு குறை இருக்கிறது. வைட்டமின் பி12 இதில் துளியும் கிடையாது. முழுக்கத் தாவர உணவுக்கு மாறியவர்கள் அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவிலோ தனியாகப் பெற்றே ஆக வேண்டும். அடுத்தது கால்சியம். தோலோடு உள்ள எள்ளில் காகிதக் கணக்குக்கு நிறைய உண்டு. ஆனால் அந்தத் தோலிலேயே கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் இருப்பதால் உடலில் சேர்வது குறைவு. கோகோவின் இரும்புச்சத்துக்கும் அதே கதைதான், கூடவே இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் அதை முழுதாக உறிஞ்ச விடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் எள்ளைத் தவிர்த்து, கோகோவைக் குறைத்து, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

கால்சியம் கொஞ்சம் கூட வேண்டுமானால் கேழ்வரகு சேருங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவை 80 மி.லி. தண்ணீரில் கரைத்து, ஐந்து நிமிடம் கிளறிக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து வாழைக்கு முன்னால் சேர்க்க வேண்டும். அப்போது குளிர்ந்த தண்ணீரில் 80 மி.லி. குறைத்துவிடுங்கள். கேழ்வரகின் மண்மணமும் கோகோவும் இணையும் சுவை தனி. பச்சை மாவை அப்படியே போட்டால் வேகாத மாவு வாடை அடிக்கும்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்டவை

*சோயா பால் திரிந்துவிட்டது.* சூடான சோயா பாலில் புளிப்புள்ள சாதாரண கோகோவைக் கலந்தால் அதன் புரதம் திரியும். பூவன் பழமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கோகோவைத் தண்ணீரில்தான் நனைக்க வேண்டும், ஆறிய பிறகே சோயா பாலோடு சேர்க்க வேண்டும். வீட்டில் சோயா பால் எடுப்பவர்கள் அரைத்த பாலை நன்றாகக் கொதிக்கவைக்காமல் பயன்படுத்தவே கூடாது.

*தேங்காய்ப் பாலில் செய்தால் வெள்ளைத் துணுக்குகள் மிதக்கின்றன.* தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். உறைந்த பழத்தோடு அதிக நேரம் ஓட்டும்போது கொழுப்பு பிரிந்து மெழுகாகத் திரள்கிறது. முதல் பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலைப் பயன்படுத்துங்கள், பழம் போட்ட பிறகு 20 நொடிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

*பேரீச்சைக்குப் பதில் கருப்பட்டி?* போடலாம், அருமையாக இருக்கும். 15 கிராம் கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்து, மண் இருக்கும் என்பதால் வடிகட்டி, மறுபடி சூடாக்கி அந்தத் தண்ணீரிலேயே கோகோவை நனையுங்கள். முழுக்கத் தாவர உணவு மட்டும் எடுப்பவர்களுக்குத் தேன் ஆகாது.

*இரவே செய்து வைக்கலாமா?* அரைத்த கடலை விழுதும் கோகோ கரைசலும் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் ஒருநாள் தாங்கும். வாழை சேர்த்த பிறகு வைக்காதீர்கள், நிறம் கறுத்து மேலே தண்ணீர் பிரியும்.

*பூண்டு வாசம் வருகிறது.* ஜாரைக் குற்றம் சொல்லாதீர்கள், மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றி மோந்து பாருங்கள். சட்னியின் வாசம் முழுக்க அங்கேதான் தங்கும். சமையல் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கழுவி, வெயிலில் உலர்த்துங்கள். அதற்கும் போகாவிட்டால் பாத்திரக்கடையில் புது வாஷர் வாங்கி, இனிப்பு வகைகளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.