வழக்கு வந்த மருத்துவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சிகிச்சைக் கவனக்குறைவு வழக்கில் பெயர் சேர்ந்ததுமே, இனி வேலையே கிடைக்காது என்று பல மருத்துவர்கள் ஒடிந்துபோகிறார்கள். 2011-ல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்பு வேறு: வழக்குக்கு அதிகம் ஆளாகும் துறைகளில் 65 வயதுக்குள் 99 சதவீதம் பேர் ஒரு முறையாவது இழப்பீட்டுக் கோரிக்கையைச் சந்திக்கிறார்கள், குறைவான துறைகளிலேயே 75 சதவீதம். உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கும் குழுவுக்கு இது புதிதில்லை.

அவர்கள் பொறுக்காதது மறைப்பதைத்தான். மருத்துவர் சார்பில் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு சிறிய இழப்பீடு கொடுத்தாலும், 30 நாட்களுக்குள் நேஷனல் பிராக்டிஷனர் டேட்டா பேங்கில், அதாவது மருத்துவர்கள் பற்றிய அமெரிக்க அரசின் தரவு வங்கியில், தெரிவிக்க வேண்டும். 1990 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சமரசத்தை ரகசியமாக வைப்பதாக ஒப்பந்தம் போட்டிருந்தாலும் இந்தப் பதிவைத் தடுக்க முடியாது. பணி அனுமதி (அந்த மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கும் உரிமை) கேட்டு யார் வந்தாலும் மருத்துவமனை அங்கே விசாரித்தே ஆக வேண்டும். பணம் எதுவும் கொடுக்காமல் தள்ளுபடியான வழக்கு அதில் ஏறாது என்றாலும், நீதிமன்ற ஆவணத்திலும் பழைய காப்பீட்டு நிறுவனம் தரும் கோரிக்கை வரலாற்றிலும் கிடக்கும். ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மாட்டினால், சாதாரண வழக்கு நேர்மைக் குறைவாகிவிடும்.

கேள்வியை அவசரமாகப் படிப்பது அடுத்தது. ‘உங்கள் மீது எப்போதாவது வழக்கு தொடரப்பட்டதா?’ என்பதும் ‘கடந்த 5 ஆண்டுகளில் இழப்பீடு கொடுக்கப்பட்டதா?’ என்பதும் வேறு வேறு. முதல் கேள்விக்குத் தள்ளுபடியான வழக்கும் ‘ஆம்’தான். உரிமம், பணி அனுமதி, காப்பீடு என மூன்று படிவங்களிலும் தேதிகள் ஒத்துப்போகட்டும்.

விளக்கக் கடிதத்தில் நோயாளியையோ சக மருத்துவரையோ குறை சொல்லாதீர்கள். நோயாளி என்ன நிலையில் வந்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று, வழக்கு எங்கே நிற்கிறது, அதன்பிறகு எதை மாற்றிக்கொண்டீர்கள் – அரைப் பக்கம் போதும். நோயாளியின் பெயர் வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் உங்கள் வழக்கறிஞர் பார்க்காமல் ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியது எதிர்த்தரப்பின் கைக்குப் போகலாம்.

என்னை மிகவும் வருத்தும் தவறு, இப்போது வேலை செய்யும் மருத்துவமனை உங்களை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே கௌரவமாக விலகுவதாக எண்ணி ராஜினாமா செய்வது. விசாரணையின்போது பணி அனுமதியை விட்டுக்கொடுத்தால் அதுவும் அதே தரவு வங்கியில் ஏறும். வழக்கைவிட இந்தப் பதிவுதான் அடுத்த குழுவை அதிகம் உறுத்தும். கையெழுத்திடுமுன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்தத் தரவு வங்கியில் உங்களைப் பற்றிய பதிவை நீங்களே கேட்டுப் பெறலாம். பலர் அதைச் செய்வதேயில்லை. விவரம் பிழையாக இருந்தால் மறுக்கலாம், உங்கள் தரப்பு விளக்கத்தையும் சேர்க்கலாம். வேலை மாறும்போது, பழைய சிகிச்சை குறித்துப் பிறகு வரும் கோரிக்கைக்குக் காப்பீடு உண்டா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கு இருந்தால் சரிபார்ப்புக்குக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். புதிய இடத்தில் பணி அனுமதி கைக்கு வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள்.