10 லீற்றர் வாளியும் மீன்கடைத் தராசும்: மொட்டைமாடிக்கு நுரைக் கொங்கிறீட் போடும் முறை

அக்காவின் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. சிலாப் கூரை. ஏப்ரல் மாதத்தில் மேல் அறையில் இரவு பத்து மணிக்கும் ஃபான் சூட்டைத்தான் சுற்றி அடிக்கும். மழை வந்தால் மாடியின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி, கீழே சுவரில் கறுப்பாகப் படரும். தண்ணீர் ஓடுவதற்காகப் போட்ட சீமெந்துப் பூச்சு வெடிக்க, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் ஒன்று என்று சராசரி 4 அங்குலம் ஏறியிருந்தது. 500 சதுர அடியில் அது 9 தொன்னுக்கு மேல். அதன் மேலும் ஒரு பூச்சுப் போட இரண்டு பேர் விலை கொடுத்திருந்தார்கள்.

முப்பது வருடம் சைற் சூப்பர்வைசராக இருந்தவன் என்ற உரிமையில் நான் தலையிட்டேன். தெரிந்த பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிப்போய் சிலாப்பைக் கீழிருந்தும் மேலிருந்தும் காட்டினேன். கம்பி துருப்பிடித்து உப்பிய இடம் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கடற்காற்று அடிக்கும் வீடுகளில் இதைத் தவிர்க்கக்கூடாது. சிலாப் நல்லது என்று அவர் சொன்ன பிறகு பழைய பூச்சை முழுதாக உடைத்தெடுத்து, 3 அங்குலம் நுரைக் கொங்கிறீட், அதன் மேல் 1 அங்குலம் மணல் சீமெந்துப் பூச்சு என்று முடிவு செய்தோம். இரண்டும் சேர்ந்து 4 தொன் சொச்சம். சிலாப்பின் தலையிலிருந்து 5 தொன் இறங்கியது.

நுரைக் கொங்கிறீட் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்த கூழுக்குள், தனியாக அடித்த கெட்டி நுரையைக் கலக்கிறோம். இறுகியதும் குமிழிகள் அப்படியே உள்ளே நின்றுவிடும். சாதாரண கொங்கிறீட் கன மீற்றருக்கு 2400 கிலோ. நாங்கள் போட்டது காய்ந்த பிறகு சுமார் 500 கிலோ. குமிழிக்குள் அடைபட்ட காற்று அசையாததால் வெப்பம் கடப்பது சாதாரண கொங்கிறீட்டில் கடப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கடைகளில் ஏ.ஏ.சி. என்று விற்கும் இலேசான கட்டடக் கல்லும் இதுவும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். அது 1920களில் சுவீடனில் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய முறை: அலுமினியத் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து வாயு விட்டுப் பொங்கும், பிறகு 190 பாகை அளவு நீராவியில் அழுத்தத்தோடு வேகவைப்பார்கள். அது தொழிற்சாலை வேலை. நுரைக் கொங்கிறீட்டை மொட்டைமாடியிலேயே செய்யலாம்.

பலம் எதிர்பார்க்க வேண்டாம். இந்த எடையில் ஒரு மெகாபாஸ்கல் (நசுங்காமல் தாங்கும் பலத்தின் அலகு) அளவு வந்தால் போதும் என்று நினையுங்கள். தூணுக்கும் பீமுக்கும் கம்பி கட்டும் சிலாப்புக்கும் இது ஆகாது. துளை நிறைந்த இந்தக் கலவை வெள்ளவத்தை உப்புக் காற்றிலிருந்து கம்பியைக் காக்கவும் மாட்டாது. மாடிச் சரிவு, பாத்ரூம் தாழ்த்திப் போட்ட சிலாப்பின் நிரப்பு, பழைய கிடங்கு மூடுவது போன்ற பாரம் தாங்காத வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு பை சீமெந்து 50 கிலோ, தண்ணீர் 25 லீற்றர், நுரை சுமார் 84 லீற்றர். இதற்கு 125 லீற்றர் கலவை வரும். மணல் இல்லை. 500 சதுர அடிக்கு 3 அங்குலம் என்றால் 3.5 கன மீற்றர், அதாவது 28 பை. சேதத்துக்கு இரண்டு பை கூட எடுத்துக்கொள்ளுங்கள். எடை கூடிய கலவை வேண்டுமென்றால் மணல் சேர்க்கலாம், ஆனால் 2 மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்த நைஸ் மணல்தான். சல்லிக்கல் போட்டால் அடியில் போய்ப் படுத்துவிடும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்துச் சாம்பலைச் சீமெந்தின் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடுவோரும் உண்டு. பலம் ஏற நாள் பிடிக்கும்.

சாமான்கள்: மேல்வாய் வெட்டிய 200 லீற்றர் பிளாஸ்ரிக் பீப்பா, துடுப்புப் பூட்டிய கை மிக்சர் மெசின், கொம்பிரசர், நுரை அடிக்கும் குழாய், நுரை மருந்து. குழாயையும் கொம்பிரசரையும் வாடகைக்கு எடுத்தேன். நுரை மருந்தைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் ஈடு செய்யலாம் என்று யூரியூபில் காட்டுகிறார்கள். செய்யாதீர்கள். அந்த நுரை சீமெந்தைக் கண்டதும் செத்துவிடும். கொங்கிறீட்டுக்கென்றே விற்கும் புரத மருந்தோ செயற்கை மருந்தோ வாங்கி, கானில் எழுதியிருக்கும் அளவில் தண்ணீர் கலக்க வேண்டும். எங்களுடையது 1க்கு 30. அப்படிப் பார்த்தால் ஒரு பை சீமெந்துக்கு 140 மில்லிலீற்றர்கூடச் செல்லாது.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு வாளியும் ஒரு தராசும். பழைய சோனகத் தெருவில், மீன்கடைக்காரர் கையில் தூக்கிப் பிடிப்பாரே, அந்த டிஜிற்றல் தொங்கு தராசு வாங்கினேன். 10 லீற்றர் வாளி என்று விற்பது 10 லீற்றராக இருப்பதில்லை. வெறும் வாளியைத் தராசில் போட்டுப் பூச்சியமாக்கி, 10 கிலோ தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு கீறி, கோட்டோடு வாளியை வெட்டிவிடுங்கள். கைபிடிக்குப் புதிதாக இரண்டு துளை போட்டுக் கம்பி கட்டினால் சரி. இனி அந்த வாளியை நிரப்பிப் பலகையால் வழித்து நிறுத்தால் மூன்று எண் வர வேண்டும். நுரை மட்டும்: 500 கிராம். நுரை போடாத கூழ்: 18.3 கிலோ. முடிந்த கலவை: 6.3 கிலோ. கடைசி எண்ணில் 6க்கும் 6.6க்கும் இடையில் எதுவும் பரவாயில்லை.

மேசன் பாஸுக்கு இந்த நிறுவை பிடிக்கவில்லை. ஹற்றன் பக்கத்து ஆள், கைவேலை நேர்த்தி. "கண்ணால பார்த்தாலே தெரியுமுங்கய்யா" என்றார். எனக்கும் முதல் பீப்பாவில் அப்படித்தான் தோன்றிற்று, நிறுக்கவில்லை. நீண்ட வயரில் கொம்பிரசர் இழுபட்டு அழுத்தம் இறங்கியதில் நுரை தண்ணீராக வந்திருக்கிறது. பார்க்க வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை 4 அங்குலம் ஊற்றிய இடம் 3 அங்குலமாக அமர்ந்து, மேலே நீர்க்கோடு விட்டிருந்தது. உடைத்து அள்ள அரை நாள் போயிற்று. அதற்குப் பிறகு நிறுப்பது பாஸின் வேலையாகிவிட்டது, என்னைக்கூட நம்பமாட்டார்.

கலக்கும் முறை இதுதான். முதலில் தண்ணீர், பிறகு சீமெந்து. கட்டி ஒன்றுமில்லாமல் மூன்று நிமிடமாவது அடிக்க வேண்டும். கூழ் இறுக்கமாக இருந்தால் அது நுரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குமிழியை உடைக்கும். ஆகவே 25 லீற்றரில் கை வைக்காதீர்கள், கூட்டவும் வேண்டாம். அடுத்து நுரையைச் சோதியுங்கள்: வாளியில் பிடித்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, 500 கிராமுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சரியென்றால் பீப்பாவுக்குள் மூன்று தவணையாக விடுங்கள். மெசினை மெதுவாக ஓட்டி, அடியிலிருந்து மேலே புரட்டி, வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். மேலே வந்து பார்த்த அக்கா, "தம்பி, இது கேக்குக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்க்கிற மாதிரியெல்லோ இருக்குது" என்றா. அதேதான். அளவுக்கு மேல் அடித்தால் இரண்டும் அமர்ந்துவிடும்.

நிறுத்துப் பார்த்தால் 7 கிலோ காட்டுகிறதா? ஒரு வாளி நுரையும் இன்னும் கொஞ்சமும் சேர்த்துப் புரட்டுங்கள். 5.5 காட்டினால் காற்றைத் திருப்பி எடுக்க முடியாது. நுரை குறைந்த கூழ் கொஞ்சம் தனியாகச் செய்து கலக்க வேண்டும். அவசரப்பட்டுச் சீமெந்துத் தூளை மேலே தூவினால் குமிழிகள் படபடவென்று உடையும். சாதாரண டிரம் மிக்சரில் நுரை மேலே மிதந்துகொண்டே சுற்றும், கலக்காது. பம்பில் ஏற்றுகிறவர்கள் குழாயின் முடிவில் வரும் கலவையை நிறுக்க வேண்டும், ஏனென்றால் பம்பிலும் நுரை கொஞ்சம் போய்விடும்.

ஊற்ற முன் சிலாப்பைக் கழுவி, நுரைக் கொங்கிறீட்டுக்கு அடியில் வரும்படி அதன் மேல் ஒரு தண்ணீர்த் தடைப் பூச்சு அடித்துக் காயவிட்டோம். இது இல்லாமல், பின்னாளில் எங்கேயாவது கசிந்தால் நீர் நுரைக் கொங்கிறீட்டுக்குள் பரவி, ஓட்டை ஒரு மூலையிலும் ஒழுக்கு இன்னொரு மூலையிலுமாக நிற்கும். சுவரோரம் முழுக்க அரை அங்குல ரிஜிபோம் (தெர்மோகோல்) வைத்தோம். இது காயும்போது சாதாரண கொங்கிறீட்டைவிடப் பல மடங்கு சுருங்கும். வெயிலில் விரியவும் இடம் வேண்டும்.

மழைநீர்க் குழாய் வாயைச் சாக்கால் அடைத்திருந்தேன். அது போதவில்லை. இந்தக் கலவை தண்ணீரைப் போல வழி தேடும். மூன்றாம் பீப்பாவில் பாதி குழாய்க்குள் இறங்கி, கீழ் வளைவில் இறுகிவிட்டது. குழாயை வெட்டி மாற்ற வேண்டி வந்தது. இந்தக் குணத்துக்காகவே இங்கிலாந்தில் பாத் நகருக்குப் பக்கத்தில் கூம் டௌன் என்ற இடத்துப் பழைய கல் சுரங்கங்களை நுரைக் கொங்கிறீட்டால்தான் நிரப்பினார்கள். எங்களுக்கு ஒரு குழாயே போதும் என்றாகிவிட்டது. பலகை மூட்டுகளுக்கு ரேப் ஒட்டுங்கள், குழாய்க்கு மூடி போட்டு இறுக்குங்கள்.

சரி, தண்ணீர் போல மட்டமாகும் ஒன்றில் சரிவு எப்படி எடுப்பது? படிபடியாகத்தான். 20 அடி நீளத்தை 4 அடி அகலமான ஐந்து பாத்திகளாகப் பலகை வைத்துப் பிரித்தோம். குழாயிலிருந்து தூரத்துப் பாத்தி 4 அங்குலம், அடுத்தது 3.5, பிறகு 3, 2.5, குழாய்ப் பக்கம் 2. சராசரி 3 அங்குலம். அரை அங்குலப் படிகளை மேல் பூச்சு சாய்த்துக்கொடுத்துவிடும். பாத்தியில் ஊற்றி, நீளப் பலகையால் ஒருமுறை மேலோட்டமாக இழுத்தால் போதும். வைபிரேற்றர் வேண்டாம், கம்பியால் குத்த வேண்டாம், தட்ட வேண்டாம். கொங்கிறீட் என்றதும் குத்தும் கை எங்கள் ஆட்களுடையது. பாஸின் கையாளிடமிருந்து கம்பியை வாங்கி நான் கீழ் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கலந்த பீப்பா அரை மணி நேரத்துக்குள் பாத்திக்குப் போய்விட வேண்டும்.

ஊற்றியதும் பொலித்தீன் விரித்து ஓரங்களில் பாரம் வையுங்கள். கொழும்பு வெயில் மேல்தோலை ஒரு மணி நேரத்தில் வெடிக்கவைக்கும். பின்னேர மழை அதையே குழி பறிக்கும். ஒரு நாள் முழுக்க யாரும் ஏறக்கூடாது, பூனை உட்பட. பிறகும் பலகை போட்டுத்தான் நடந்தோம். ஒரு கிழமை பொலித்தீனுக்குக் கீழே ஈரமாக இருக்கட்டும்.

நாங்கள் ஜனவரி கடைசியில் ஊற்றினோம், அது தெரிந்து எடுத்த மாதம். பெப்ரவரியில் மெல்லிய கம்பி வலை வைத்து 1 அங்குலப் பூச்சு, பாத்திக் கோடுகளுக்கு நேரே மூட்டு விட்டு. பூச்சும் உலர்ந்த பிறகுதான் மேல் தண்ணீர்த் தடை. ஈரத்தோடு மூடினால் உள்ளே அடைபட்ட நீர் வெயிலில் ஆவியாகித் தடையைக் கொப்புளமாகத் தூக்கும். ஓரடிச் சதுர பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி, ஒரு பகல் விட்டு உரித்துப் பார்த்தோம். முதல் இரண்டு தடவையும் அடியில் வியர்த்திருந்தது. மூன்றாம் தடவை, மார்ச் நடுவில், காய்ந்திருந்தது. மே மாதத்துத் தென்மேற்கு மழைக்கு முன் வேலை முடிந்தது. மூலையில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை. மேல் அறை ஏப்ரலில் குளிர்ந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பத்து மணிக்குத் தூங்கலாம் என்று அக்கா சொல்கிறா.

ஒன்றை முதலிலேயே யோசிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, சோலார் தட்டு, டிஷ் எதையும் இதன் மேல் போல்ற் போட்டு நிறுத்த முடியாது. போல்ற் பிடிக்காது, தடையும் கிழியும். அவற்றின் கால் வரும் இடங்களில் ஊற்ற முன்பே சிலாப்போடு சேர்த்துச் சாதாரண கொங்கிறீட் கட்டைகள் வையுங்கள். எங்கள் மாடியில் ஆறு கட்டைகள் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்று ஒரு படம் கீறி அக்காவிடம் கொடுத்தேன். அவ அதை மாடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி, அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறா: "ஓட்டை போட முன் தம்பிக்கு கோல் எடுக்கவும்."