பழைய பர்சனல் லோனை செட்டில்மென்ட் பேசி முடிப்பது எப்படி?

இஎம்ஐ நின்று நாலைந்து வருடமான பர்சனல் லோன். திடீரென ஒருவர் போன் செய்து, "சார், நாலு லட்சம் பாக்கி இருக்கு. இன்னைக்கே நாற்பதாயிரம் போட்டீங்கன்னா பைலை குளோஸ் பண்ணிடலாம்" என்கிறார். போடாதீர்கள். குறைத்துப் பேசி முடிக்கலாம்தான். ஆனால் கடிதம் முதலில் வர வேண்டும், பணம் அதற்குப் பிறகு.

1. கடன் யார் கையில் இருக்கிறது?

நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். அதை எடுத்து, கடன் கொடுத்தவர் பெயர், கடைசியாகப் பணம் கட்டிய தேதி, பாக்கி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ரைட்-ஆஃப்' என்று இருந்தால் தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் செய்துகொண்ட மாற்றம். கடன் அப்படியேதான் இருக்கும். சில வங்கிகள் இத்தகைய கடன்களை ஏஆர்சி எனப்படும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அப்படியானால், கடன் அவர்களுக்கு மாற்றப்பட்டதற்கான கடிதத்தைக் கேளுங்கள். அது வராமல் பேச்சே வேண்டாம்.

2. கடனின் வயதைப் பாருங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 1963-ம் வருட லிமிட்டேஷன் சட்டப்படி, இப்படிப்பட்ட கடனுக்கு சிவில் வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் அவகாசம். அதற்குள் நீங்கள் 'கடன் பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, எழுத்துப் பதிவோடு ஒரு சிறு தொகை கட்டினாலோ, மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அவகாசம் முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது புது ஒப்பந்தமாகிவிடும். அந்த நாற்பதாயிரத்தை ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள் என்று இப்போது புரியும். மூன்று வருடம் தாண்டினாலும் கடன் மறைந்துவிடாது, சிபிலில் கறையும் போகாது. ஆனால் பேரத்தில் உங்கள் கை ஓங்கும். வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

3. உங்கள் தொகையை முடிவு செய்யுங்கள்

ஸ்டேட்மென்ட் வாங்கி அசல், வட்டி, அபராதம் மூன்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். கேட்பது 4,10,000 ரூபாய், அதில் அசல் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். பேச்சு 1,80,000-ஐச் சுற்றி நடக்க வேண்டும், நாலு லட்சத்தைச் சுற்றி அல்ல. 1,50,000 வரை புரட்ட முடியும் என்றால் 90,000-ல் ஆரம்பியுங்கள். ஒரே தவணையில் தருகிறேன் என்பதுதான் உங்கள் பலம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருங்கும்போது பேசிப் பாருங்கள், சற்று இறங்கி வருவார்கள். அந்தப் பணத்தை அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் வைக்காதீர்கள். பாக்கிக்கு ஈடாக வங்கி அதை எடுத்துக்கொண்டுவிடலாம்.

4. பேச்சு

ஏஜென்டோடு மல்லுக்கட்டாமல், வங்கியின் வசூல் பிரிவுக்கே இமெயில் அனுப்புங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு என்று காரணத்துக்கு ஆதாரம் இணையுங்கள். வழக்குப் போடும் மூன்று வருட அவகாசம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கடனை ஒப்புக்கொள்ளும் வாசகம் இல்லாமல் எழுத வக்கீல் உதவுவார். கெஞ்சலும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம்: ஓடிஎஸ் எனப்படும், குறைத்த தொகையைக் கட்டிக் கடனை முடிக்கும் ஏற்பாடு கடனாளியின் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. மீறினால் வங்கிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம்.

லோக் அதாலத்தில் இருந்து நோட்டீஸ் வந்தால் பயப்படாமல் போங்கள். தொகை ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வரலாம். போட்டுவிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

5. கடிதம்

வங்கியின் லெட்டர்ஹெட்டில், அல்லது அதன் அதிகாரபூர்வ இமெயிலில் இருந்து வர வேண்டும். லோன் நம்பர், மொத்தத் தொகை, கட்ட வேண்டிய தேதி, 'இதுவே முழு இறுதித் தீர்வு, இனி பாக்கி இல்லை' என்ற வாசகம் நான்கும் கட்டாயம். கூட்டுக் கடன்தாரருக்கும் ஜாமீன் போட்டவருக்கும் விடுதலை, செக் பவுன்ஸ் வழக்கு இருந்தால் வாபஸ், கொடுத்து வைத்த செக்குகளைத் திருப்பித் தருவது ஆகியவையும் இடம்பெற வேண்டும். தவணையாகக் கட்டுவதாக இருந்தால், ஒரு தேதி தவறினால் என்ன ஆகும் என்ற வரியை இரண்டு தடவை படியுங்கள். பழைய 4,10,000 மறுபடி உயிர் பெறும் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

6. கட்டுவது, அதற்குப் பிறகு

லோன் அக்கவுண்டுக்கு நேராக வங்கிப் பரிமாற்றம் மட்டும். ஏஜென்டின் சொந்த யுபிஐ-க்கு ஒரு ரூபாயும் கூடாது. பிறகு நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்குங்கள்.

ஓரிரு மாதம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி பாருங்கள். பாக்கி பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும், ஆனால் நிலை 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்றுதான் இருக்கும், 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) என்று இருக்காது. புதுக் கடன் தருபவர்கள் இதைப் பார்த்துத் தயங்குவார்கள். செட்டில் செய்த இடத்திலேயே மறுபடி கடன் வாங்க, குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும் என்பது 2023-ல் வந்த விதி. அதனால் அடுத்த வருடம் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்து, முழுத் தொகையையும் கட்ட முடியும் என்றால், செட்டில்மென்ட் பேசவே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டவர்கள், விட்டுக்கொடுத்த மீதியைப் பின்னாளில் கட்டி 'குளோஸ்டு' என மாற்றித் தருவீர்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம்.