முதல் முன்மாதிரியைச் சோதிக்கும் முறை

ஒரு பொருளின் முதல் முன்மாதிரியைச் செய்யத் தொடங்கும் முன், அதைக் கொண்டு எந்தக் கேள்விக்கு விடை காணப் போகிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வெந்நீர் ஃப்ளாஸ்க் ஒன்றின் மூடியை எடுத்துக்கொள்வோம். ஈரக் கையால் திறக்க முடிகிறதா, கவிழ்த்தால் கசிகிறதா, நாள்பட்ட பயன்பாட்டைத் தாங்குமா என்பவை மூன்று தனிக் கேள்விகள்; மூன்றையும் ஒரே முன்மாதிரியைக் கொண்டு சோதிக்க முயன்றால், பிழை எங்கே என்பது பிடிபடாமலே போய்விடும்.

கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்று பார்க்க மரக்கட்டையே போதும். 1996-இல் வெளிவந்த பாம் பைலட் கையடக்கக் கணினியை உருவாக்கியபோது, ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் அடங்கும் ஒரு மரத்துண்டை உடன் வைத்துக்கொண்டு, அதில் குறிப்பெழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தார்.

கசிவுச் சோதனையில்தான் அதிக நிதானம் வேண்டும். பொருளை அடுக்கடுக்காகப் படியவைத்து உருவாக்கும் த்ரீ-டி பிரிண்டர்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஆகவே அதில் அச்சிட்ட மூடியில் கொதிநீரை ஊற்றி, அது நெளிந்ததும் வடிவமைப்பே தவறு என்று முடிவுகட்டுவது நியாயமன்று. குளிர்ந்த நீரில் சில சொட்டு மை கலந்து, ஃப்ளாஸ்கை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து வையுங்கள். மூடியின் விளிம்பில் கறை படிந்தால் மரையையும் வாஷரையும் பாருங்கள். மூடியின் பக்கச்சுவரிலேயே மை வியர்த்திருந்தால், நீர் அச்சு அடுக்குகளின் இடைவெளி வழியே வந்திருக்கிறது. பின்னது அச்சின் குறையே தவிர, உங்கள் வடிவத்தின் குறையன்று. மரை உடைந்தாலும், பிளவு அடுக்கின் போக்கிலேயே ஓடுகிறதா என்று முதலில் கவனியுங்கள்.

பிறரிடம் கொடுத்துச் சோதிக்கும்போது எதையும் விளக்காதீர்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், உங்கள் மனம் நோகக் கூடாதென்று பெரும்பாலோர் தலையசைத்துவிடுவார்கள். சமைத்துக்கொண்டிருப்பவரிடம், எண்ணெய் படிந்த கையோடு மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, கட்டைவிரல் எங்கே ஊன்றுகிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது, துணியைத் தேடுகிறாரா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தயக்கத்தில் கிடைக்கும் செய்தி எந்தக் கருத்துப் படிவத்திலும் கிடைக்காது.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒரே மாற்றம். பையில்லா வாக்குவம் கிளீனருக்காக 5,127 மாதிரிகள் செய்த ஜேம்ஸ் டைசன் கடைப்பிடித்த வழி இதுவே. ஒவ்வொரு மாதிரியிலும் எண்ணும் தேதியும் எழுதி, உடைந்தவற்றையும் எடுத்து வையுங்கள். நாள்பட்ட உழைப்பைச் சோதிப்பதை மட்டும், விற்பனைக்குரிய அதே பிளாஸ்டிக்கில் அதே முறையில் வார்த்த மூடி கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள்.