பேரிங், புஷ் கழற்ற மலிவான கை பிரஸ்: எதை அளந்து வாங்குவது, எப்படி அழுத்துவது

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கம் மோட்டார் பட்டறைகளில் கால் வைக்க இடம் இருக்காது. வைண்டிங் எரிந்தது, கப்ளிங் உடைந்தது என்று மாங்கூழ் ஆலைகளின் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சாதாரண பேரிங் மாற்றவும் காத்திருக்க வேண்டும். பேரிங் மாற்றுவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்குச் சுத்தியல் தேவையில்லை, மேலிருந்து அழுத்தித் தள்ளும் ஒரு சின்ன பிரஸ் போதும். எந்த பிரஸ் வாங்குவது என்று தேடினால் எல்லோரும் ‘எத்தனை டன்’ என்றுதான் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் டன் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது வாய் உயரம், அடுத்தது ராம் (கீழே இறங்கி அழுத்தும் கட்டை) நேராக இறங்குகிறதா என்பது.

மோட்டாரைப் பிரிப்பது, வயரில் அடையாளம் போட்டு வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கரண்ட்டை மெயினிலேயே நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் படி: உங்கள் வேலையை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்து, நீங்கள் பிரஸ்ஸில் வைக்கப் போகும் பொருள்களிலேயே நீளமானதை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேன் மூடி, மிக்ஸி ஜார், புல் வெட்டும் மெஷினின் கியர் பெட்டி இதெல்லாம் குட்டையானவை. அரை டன் கை பிரஸ்ஸே தாராளம். மோனோபிளாக் மோட்டாரின் (மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பில் இருப்பது) ரோட்டார், அதாவது உள்ளே சுற்றும் பகுதி, அப்படி இல்லை. ஷாஃப்ட்டோடு சேர்த்து நிறுத்தினால் சின்ன பிரஸ்ஸின் வாய்க்குள் நுழையவே நுழையாது. அதற்கு மேல் பேரிங்கும், பேரிங்குக்கு மேல் அதை அழுத்துவதற்கான பைப் துண்டும் வைக்க இடம் வேண்டும். மேடைக்கும், முழுக்க மேலே ஏற்றிய ராமின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நான் சொல்லும் வாய் உயரம். விளம்பரங்களில் டன்னைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், இந்த உயரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சொல்ல மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: எந்த வகை

கை பிரஸ் என்பது பல் வெட்டிய ஒரு சதுர இரும்புக் கட்டையை, அதாவது ராமை, சின்னப் பல்சக்கரம் ஒன்று கீழே தள்ளும் எளிய கருவி. ஆர்பர் பிரஸ் என்றால் கடைக்காரருக்குப் புரியும். கைப்பிடி 30 செ.மீ., பல்சக்கரத்தின் ஆரம் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 20 கிலோ அழுத்தம் கொடுக்கும்போது ராமில் கிட்டத்தட்ட 600 கிலோ வரும். உராய்வில் கொஞ்சம் போகும். வீட்டு மோட்டாரில், ஃபேனில் இருக்கும் 6201, 6202, 6203 பேரிங் அளவுகளுக்கு (எண்ணைப் படிக்கும் விதம் ஐந்தாம் படியில்) இது போதும். ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இறுக்கம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். துருப்பிடித்து ஒட்டிப்போனால் கதை வேறு.

பாட்டில் ஜாக்கியை (எண்ணெய் அழுத்தத்தில் பளு தூக்கும் கருவி) வைத்து சி-சேனலில் (சி வடிவ இரும்புச் சட்டம்) செய்த ஃபிரேம் இன்னொரு வகை. எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். ரோட்டார் வேலை அதிகம் இருப்பவர்கள் இதற்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் உயரத்தை நாமே தீர்மானிக்கலாம். ஆனால் பட்டறையில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஜாக்கி நிமிர்ந்தபடிதான் நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டு ஏறாமல் நிற்கும். நகரும் குறுக்குச் சட்டத்தின் மேல் ஜாக்கியை வைத்து, அதன் தலை மேல்சட்டத்தில் முட்டினால் குறுக்குச் சட்டம் கீழே இறங்கும், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அதைத் திரும்ப மேலே இழுக்கும். அந்த அமைப்புதான் சரி.

இரண்டில் எனக்குப் பிடித்தது கை பிரஸ்தான். காரணம் கை உணர்வு. பேரிங் கோணலாக ஏறத் தொடங்கினால் கைப்பிடியிலேயே தெரிந்துவிடும். ஜாக்கியில் அது தெரியாது. எது நடுவில் மாட்டினாலும் சத்தமில்லாமல் நசுக்கிக்கொண்டே போகும்.

துளை போடும் டிரில்லிங் மெஷினை பிரஸ்ஸாகப் பயன்படுத்துவதைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். வேண்டாம். அதன் உள் பேரிங்கும் மேசையும் அந்தப் பளுவுக்குச் செய்யப்பட்டவை அல்ல.

மூன்றாம் படி: வாங்கும் இடத்தில் சோதனை

ஓசூரில் சின்ன யூனிட்டுகள் மெஷின் மாற்றும்போது பழைய கை பிரஸ்கள் வெளியே வரும், காயலான் கடைகளிலும் கிடைக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனால் புதிதாகவே வாங்கலாம். விலை மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. என் விருப்பம், நல்ல நிலையில் உள்ள பழைய பிரஸ். வார்ப்பு கனமாக இருக்கும்.

பழையதில் முதலில் உடம்பின் உள்வளைவைப் பாருங்கள். கழுத்து வளையும் அந்த மூலையில்தான் விரிசல் விடும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தேய்த்துக் கொஞ்சம் பொறுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து சாக்பீஸில் கோடாகத் தெரியும். அங்கே வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங்கை நம்பி முகத்துக்கு நேரே அழுத்த முடியாது.

அடுத்தது ராமின் ஆட்டம். முழுக்கக் கீழே இறக்கி, நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, பக்கத்துப் பட்டையில் இருக்கும் ஸ்குரூக்களை இறுக்கினால் நின்றுவிடும். இறுக்கிய பிறகும் ஆடினால் வழித்தடமே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நேராக இறங்குகிறதா என்று பார்க்க ஒரு கார்பன் தாள் போதும். மேடை மேல் வெள்ளைத் தாள், அதன் மேல் கார்பன், ராமை மெதுவாக இறக்கி ஓர் அழுத்து. தாளில் சதுர அச்சு விழும். நான்கு பக்கமும் ஒரே கருப்பாக இருந்தால் நல்ல பிரஸ். ஒரு விளிம்பு மட்டும் அடர்ந்து, எதிர் விளிம்பு வெளுத்திருந்தால் அடர்ந்த பக்கம் சாய்கிறது. கடைக்காரர் முன்னாலேயே செய்து காட்டுங்கள், விலை பேசவும் உதவும்.

நான்காம் படி: பொருத்துவது

இரண்டு அங்குலத் தடிமனுள்ள பலகையிலோ இரும்பு மேசையிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். சும்மா வைத்தால் கைப்பிடியை இழுக்கும்போது பிரஸ் உங்கள் மேலேயே சாயும். கைப்பிடியில் பைப்பை மாட்டி நீளம் கூட்டாதீர்கள், பல் போய்விடும்.

ஐந்தாம் படி: அழுத்துவது

எனக்குப் பிடிபட நாளான இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

பேரிங்கில் உள் வளையம், வெளி வளையம், நடுவில் பால்ரஸ் குண்டுகள். நாம் கொடுக்கும் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போகவே கூடாது. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மூடிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும். மாற்றி அழுத்தினால் ஒவ்வொரு குண்டும் தன் தடத்தில் சின்னப் பள்ளம் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, கையால் சுற்றினாலும் சில சமயம் தெரியாது. ஓட விட்ட கொஞ்ச நாளில் ‘கொர்’ என்று சத்தம் வரும். ‘டூப்ளிகேட் பேரிங் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அழுத்துவதற்குப் பைப் துண்டு வேண்டும். இதற்குத் தனி செட் விற்கிறார்கள், எனக்கு அது தேவைப்படவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜிஐ பைப்பே அழகாகப் பொருந்துகிறது. 6202-இன் உள்துளை 15 மி.மீ.; அரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் சுமார் 21, உள்ளே சுமார் 16. ஷாஃப்ட்டைத் தொடாமல் உள் வளையத்தில் மட்டும் உட்காரும். 6204-க்கு முக்கால் அங்குலப் பைப், 6205-க்கு ஒரு அங்குலப் பைப். 6203-க்கு மட்டும் எதுவும் சரியாக வராது, லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். ரம்பத்தில் அறுத்த பைப்பை அப்படியே வைக்காதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து இரண்டு முனையையும் மட்டமாக முகம் எடுத்து வாங்குங்கள். ‘அண்ணா, வெளி ஓரத்தில் லேசாகச் சரிவு போட்டுக் கொடுங்க’ என்று சொன்னால் பேரிங்கின் தகரத் தகட்டில் இடிக்காது.

எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு: 04-இலிருந்து கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை. 04 என்றால் 20 மி.மீ., 05 என்றால் 25. அதற்குக் கீழே 00, 01, 02, 03 முறையே 10, 12, 15, 17. எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி, டூ ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. தோட்டத்துத் தூசிக்கும் ஈரத்துக்கும் நான் ரப்பர் மூடியைத்தான் வாங்குவேன்.

கழற்றும்போது சர்க்கிளிப் (பேரிங் நகராமல் பிடித்திருக்கும் வளையக் கிளிப்) இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் அழுத்தினால் மூடியே உடையும். மூடியைக் கவிழ்த்து, விளிம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் முட்டுக் கொடுத்து, பேரிங் கீழே விழ இடம் விட்டு, மேலிருந்து தள்ளுங்கள். எடுத்த பேரிங்கைத் திரும்பப் போட வேண்டாம்.

ரோட்டாரிலிருந்து கழற்றுவதற்கு, பேரிங்கைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லரே மேல். பேரிங்குக்கும் ரோட்டாருக்கும் நடுவில் இருக்கும் இடம் விரல் நுழையும் அளவுதான், பிரஸ்ஸின் மேடை அங்கே போகாது. புல்லரில் கழற்றி, பிரஸ்ஸில் ஏற்றுங்கள்.

ஏற்றும்போது ஷாஃப்ட்டை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பேரிங்கைக் கையாலேயே நேராக உட்கார வைத்து, பைப் துண்டை வைத்து, ராமைத் தொட்டும் தொடாமலும் இறக்குங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை பாருங்கள், ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் அழுத்துங்கள். ஒரே சீரான கனத்தோடு இறங்கும். ஷாஃப்ட்டின் தோளில் (தடிமன் கூடும் இடம்) முட்டியதும் கைப்பிடி சட்டென்று இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். நடுவழியில் கனம் திடீரென்று கூடினால் கோணல். அழுத்தாதீர்கள், வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் போடுங்கள். பேரிங் வளையம் மிகக் கடினமான எஃகு, உடைந்தால் சில்லாகத் தெறிக்கும். இறுகி நிற்கும் பேரிங்கைக் கழற்றும்போது மேலே ஒரு சாக்குத் துணியைப் போர்த்திவிட்டு அழுத்துவது என் வழக்கம்.

பின்சேர்க்கை 1

போர்வெல் மோட்டாருக்கு இது பொருந்துமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பும் சப்மெர்சிபிள் மோட்டாரில் பால்ரஸ் பேரிங் கிடையாது, புஷ்ஷும் (ஷாஃப்ட் உள்ளே சுற்றும் குழாய் போன்ற வளையம்) அடியில் பளுவைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கும்தான். புஷ்ஷைக் கழற்றக் கை பிரஸ் அருமையான கருவி, ஆனால் பைப் துண்டு உதவாது. லேத்தில் ஒரு படி ராட் கடையுங்கள். நுனி, புஷ்ஷின் உள்துளைக்குள் சுலபமாக நுழையும் அளவு. அதற்கு மேல் உள்ள தோள், புஷ்ஷின் வெளி விட்டத்தைவிட அரை மி.மீ. குறைவு. நுனி நேராகப் பிடித்துக்கொள்ளும், தோள் தள்ளும். புதிய புஷ்ஷை இறக்கவும் அதே ராட்தான். இறக்கிய பிறகு துளை லேசாகச் சுருங்கும், ஷாஃப்ட்டை நுழைத்துப் பார்க்காமல் மூடாதீர்கள்.

பின்சேர்க்கை 2

பாலக்கோட்டிலிருந்து ஒருவர், அலுமினிய மூடியில் பேரிங் அசையவே இல்லை என்று எழுதியிருந்தார். மூடியைச் சூடு பண்ணுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். நேரடியாகத் தீயில் காட்டாமல் கொதிக்கும் தண்ணீரை மூடி மேல் ஊற்றுங்கள், அல்லது ஹீட் கன் (சூடான காற்று வீசும் கருவி) பிடியுங்கள். புதிய பேரிங்கைச் சூடாக்கி ஏற்றும் வழக்கமும் உண்டு. ரப்பர் மூடியோ தகர மூடியோ போட்டதை மட்டும் 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம், உள்ளிருக்கும் கிரீஸும் ரப்பரும் கெடும்.

சீலிங் ஃபேனில் ஷாஃப்ட் நிற்கும், மூடிதான் சுற்றும். அதனால் சில ஃபேனில் பேரிங் மூடியோடு வரும், சிலவற்றில் ஷாஃப்ட்டிலேயே நின்றுவிடும். எதில் இறுகி நிற்கிறதோ அந்தப் பக்கத்து வளையத்தை அழுத்துங்கள்.