கேம்பிங் சமையல்: ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, எளிய சாப்பாடு

முதல் முறை கேம்பிங் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் என்ன சமைக்கலாம் என்றுதான் பட்டியல் போடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு கணக்கைப் போட்டுவிடுங்கள்: அடுப்பு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்? வெளியில் காற்று தீயை அலைக்கழிக்கும். எரிபொருளும் தண்ணீரும் நீங்கள் சுமந்து போன அளவுதான். கழுவும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தண்ணீர் செலவு. கூடாரம் அடித்து முடிப்பதற்குள் பொழுதும் சாய்ந்துவிடும். அதனால் ஒரே பாத்திரத்தில், அரை மணி நேரத்துக்குள் முடிகிற சாப்பாடுதான் ஆரம்பத்தில் நல்லது. அப்படிப்பட்ட சில சமையல்களைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ருசியில் எதுவும் குறையாது. பாதி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

அடுப்பு எது?

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது சிறிய கேஸ் அடுப்பு. தீயைக் கூட்டலாம், குறைக்கலாம், நினைத்தவுடன் அணைக்கலாம். விறகுத் தீயில் சமைப்பது தனி சுகம்தான். ஆனால் வறண்ட காலத்தில் பல இடங்களில் திறந்த தீக்கு அனுமதி கிடையாது, மழை பெய்தால் விறகும் பிடிக்காது. விறகை நம்பிப் போனாலும் பையில் ஒரு கேஸ் அடுப்பு இருக்கட்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் கேஸ் செலவாகும். காற்று அடித்தால் இன்னும் அதிகம். பாத்திரத்தை மூடி வைத்தாலே நிறைய மிச்சமாகும், ஆகவே மூடி இல்லாத பாத்திரத்தை எடுத்துப் போகாதீர்கள். காற்றுத் தடுப்பு வைக்கலாம். ஆனால் அடுப்பு நேரடியாகச் சிலிண்டரின் மேலேயே உட்காரும் வகையாக இருந்தால், சுற்றிலும் முழுவதுமாக மூடிவிடக் கூடாது. உள்ளே சூடு தேங்கி சிலிண்டர் கொதிப்பேறும், அது ஆபத்து. காற்று வரும் பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும்.

குளிரான இடத்துக்குப் போகிறீர்களா? சிலிண்டரில் என்ன வாயு இருக்கிறது என்று பாருங்கள். பியூட்டேன் மட்டும் இருந்தால், உறைநிலையை ஒட்டிய குளிரில் அது ஆவியாகாமல் தீ மங்கிவிடும். புரொப்பேன் கலந்தது குளிரிலும் எரியும், ஏனென்றால் புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி.

ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்: கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைப்பது. கேஸ், விறகு, கரி எதுவானாலும் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் தூக்கம் வருவது போலத் தோன்றி ஆளையே கொன்றுவிடும். மழை கொட்டினாலும், குளிர் வாட்டினாலும் அடுப்பு வெளியில்தான். சமைக்க முடியாத மழை என்றால் அன்றைக்கு பழமும் ரொட்டியும் போதும்.

கிளம்புவதற்கு முன், வீட்டில்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். கேம்பிங் சமையல் நன்றாக வருவதும் சொதப்புவதும் இங்கேதான் முடிவாகிறது.

முதலில், வேளைக்கு ஒரு பை. இன்று இரவுக்கான அரிசியும் பருப்பும் ஒரு பையில். நாளைக் காலை ஓட்ஸ் இன்னொரு பையில். பையின் மேல் வேளையின் பெயரையும் ஊற்ற வேண்டிய தண்ணீரின் அளவையும் எழுதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் பசியோடு நிற்கும்போது அந்தக் குறிப்பின் அருமை தெரியும்.

அடுத்து, காய்கறியை வீட்டிலேயே கழுவி, தோல் சீவி, நறுக்கி டப்பாவில் போடுங்கள். வெங்காயம், கேரட், பீன்ஸ் எல்லாம் ஒரு நாள் தாங்கும். தக்காளியையும் உருளைக்கிழங்கையும் முழுதாகவே எடுத்துப் போங்கள். நறுக்கினால் ஒன்று குழையும், மற்றது கறுக்கும்.

உப்பு, மிளகுத்தூள், உங்களுக்குப் பிடித்த மசாலாத்தூள், எண்ணெய் நான்கும் சிறு குப்பிகளில். எண்ணெய்க் குப்பியைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள், எப்படியும் கசியும்.

குளிர்ப்பெட்டி கொண்டுபோவதாக இருந்தால், ஐஸ் கட்டிக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்குங்கள். உருகினாலும் பொருட்கள் நனையாது, அப்புறம் அதையே குடிக்கலாம். பாட்டிலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் விரியும்.

இறைச்சி, மீன், பால் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: முதல் பயணத்தில் வேண்டாம். 5 முதல் 60 டிகிரி வரையான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த உணவைக் கொட்டிவிட வேண்டியதுதான். வெளியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம்தான் கணக்கு. கட்டாயம் கோழி வேண்டும் என்றால் வீட்டில் உறையவைத்து, பெட்டியின் அடியில் வைத்து, முதல் நாள் இரவே சமைத்துவிடுங்கள். உள்ளே 74 டிகிரி எட்டினால்தான் கோழி வெந்தது என்று அர்த்தம், அதற்கு ஒரு சின்ன வெப்பமானி தேவை.

முதல் இரவு: ஒரே பாத்திரத்தில் பருப்புச் சோறு

இரண்டு பேருக்கான அளவு இது. அரிசி முக்கால் கப், மசூர் பருப்பு கால் கப், தண்ணீர் 3 கப், ஒரு வெங்காயம், நறுக்கிய கேரட்டும் பீன்ஸும் ஒரு கைப்பிடி, எண்ணெய் இரண்டு ஸ்பூன், உப்பு, மசாலாத்தூள். மசூர் பருப்பைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது சிறியது, தோல் நீக்கியது, சீக்கிரம் வெந்துவிடும். முழுக்கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைக்க இங்கே நேரமும் இல்லை, கேஸும் இல்லை.

1. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், கூடாரத்தைப் பிரிப்பதற்கு முன்பே, அரிசியையும் பருப்பையும் ஒரு டப்பாவில் போட்டு ஒரு முறை அலசிவிட்டு, அளந்த 3 கப் தண்ணீரையும் ஊற்றி ஊறவையுங்கள். நீங்கள் கூடாரம் அடிக்கும் அரை மணி நேரத்தில் அது பாட்டுக்கு ஊறும். இந்த ஊறல்தான் அடுப்பு எரியும் நேரத்தைக் குறைக்கிறது.

2. அடுப்பைச் சமதளத்தில் வையுங்கள். தரை சரிவாக இருந்தால் தட்டையான கல் ஒன்றைத் தேடி அதன் மேல் வையுங்கள். பாத்திரம் கவிழ்ந்தால் சாப்பாடு போவது மட்டுமல்ல, காலிலும் கொட்டும்.

3. எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வதக்குங்கள். காய்களையும் மசாலாத்தூளையும் போட்டு ஒரு கிளறு. தூள் தீயும் முன் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

4. ஊறியதை அந்தத் தண்ணீரோடு அப்படியே ஊற்றுங்கள். உப்புப் போட்டு, மூடிவைத்து, பெரிய தீயில் கொதிக்கவிடுங்கள்.

5. கொதித்ததும் அடியைச் சுரண்டினாற்போல் ஒரு கிளறு கிளறிவிட்டு தீயை முடிந்த மட்டும் குறைத்து 10 நிமிடம் விடுங்கள். கேம்பிங் பாத்திரங்கள் மெல்லியவை, தீயும் நடுவில் மட்டும் குவியும், அதனால் நடுவில் சட்டென்று பிடித்துவிடும். தீ போதுமான அளவு குறையவில்லை என்றால் பாத்திரத்தை அவ்வப்போது தூக்கிப் பிடித்து, கொஞ்சம் நகர்த்தி வையுங்கள்.

6. அடுப்பை அணையுங்கள். மூடியைத் திறக்காமல், பாத்திரத்தைத் துண்டு அல்லது கனமான உடையால் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். உள்ளே அடைபட்ட சூடே மீதியை வேகவைத்துவிடும். சுற்றுவதற்கு முன் அடுப்பு முழுவதும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்தின் அடியில் இன்னும் கொதிக்கும் சூடு இருக்கும், ஆகவே ஒரு நிமிடம் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். செயற்கை இழை உடை உருகிவிடும்.

திறக்கும்போது குழைவான, தளர்ந்த சோறாக இருக்கும். உதிரியாக வேண்டும் என்பவர்கள் தண்ணீரை அரை கப் குறைக்கலாம். ஆனால் நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறவருக்குக் குழைவானதுதான் பிடிக்கும் என்பது என் அனுபவம். கையில் எலுமிச்சை இருந்தால் கடைசியில் பிழிந்துவிடுங்கள், வேறு எதுவுமே தேவைப்படாது.

தணலில் உருளைக்கிழங்குப் பொட்டலம்

தீ மூட்ட அனுமதி உள்ள இடத்துக்கு இது. பாத்திரமே வேண்டாம், குழந்தைகள் தாங்களே பொட்டலம் கட்டிக்கொள்வார்கள்.

பெரும்பாலான புதியவர்கள் தீ கொழுந்துவிட்டு எரியும்போதே சமைக்கத் தொடங்குகிறார்கள். கொழுந்தில் வைத்தால் மேல்புறம் கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். விறகு எரிந்து அடங்கித் தணலாக 45 நிமிடம், சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். கரியானால் மேலே வெள்ளைச் சாம்பல் பூத்ததும் தயார். தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையைக் காட்டுங்கள்: ஐந்தாறு விநாடி தாங்க முடிந்தால் பொட்டலத்துக்கு ஏற்ற சூடு. இரண்டு விநாடியிலேயே கையை இழுத்துக்கொண்டால் இன்னும் பொறுங்கள்.

தீயைச் சுற்றி வைக்க ஆற்றிலிருந்து ஈரக் கல்லை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம்.

1. உருளைக்கிழங்கை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். வெங்காயம், மெல்லிய கேரட் துண்டுகள், ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசறுங்கள்.

2. அலுமினிய ஃபாயிலை இரண்டடுக்காக விரித்து நடுவில் குவித்து, விளிம்புகளை இரண்டு மூன்று மடிப்பாக இறுக்குங்கள். உள்ளே கொஞ்சம் காலியிடம் இருக்கட்டும், நீராவி சுற்றிவர வேண்டும்.

3. தணலை ஒரே சீராகப் பரப்பி அதன் மேல் வைத்து, எட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடுக்கியால் புரட்டுங்கள். 25 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடும். நறுக்காத நடுத்தரக் கிழங்கு என்றால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்.

4. முகத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பை முதலில் திறங்கள். பொட்டலத்திலிருந்து சீறும் ஆவி பலமாகச் சுடும்.

தக்காளியையும் எலுமிச்சையையும் பொட்டலத்துக்குள் வைக்காமல், திறந்த பிறகு சேருங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

காலையும் மதியமும்

காலைக்கு ஓட்ஸ். வீட்டிலேயே ஆளுக்கு ஒரு பை: சீக்கிரம் வேகும் ஓட்ஸ் அரை கப், பால் பவுடர் இரண்டு ஸ்பூன், சர்க்கரை, உலர் திராட்சை, உடைத்த முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். காலையில் கப்பில் கொட்டி, ஒரு கப் கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்தால் சரி. அடுப்பின் வேலை தண்ணீரைக் கொதிக்கவைப்பது மட்டும்தான், பாத்திரமும் அழுக்காகாது.

மதியம் அடுப்பையே தொடாதீர்கள். ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், வெள்ளரி. நடந்து திரியும் நேரத்தில் அடுப்பு விரிப்பதும் மடிப்பதும் வீண் வேலை.

இரண்டாம் இரவு தங்குபவர்களுக்கு பாஸ்தா. மதியத்துக்கு மேல் அதை மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் ஊறவையுங்கள். வெளுத்து வளையும். அப்புறம் அதே தண்ணீரோடு இரண்டு நிமிடம் கொதித்தால் போதும். தண்ணீர் வற்றும்போது தக்காளி பேஸ்டும் எண்ணெயும் மிளகும் சேருங்கள். வடிகட்டும் வேலை இல்லை.

மலை ஏறினால் கணக்கு மாறும்

ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். 3000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு குறைவு. அதனால் சோறு வேக அதிக நேரம் எடுக்கும், தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அந்த உயரத்தில் முழுப்பயறு வகைகளை மறந்துவிடுங்கள். ஓட்ஸ், ஊறவைத்த பாஸ்தா, மசூர் பருப்பு போன்றவையே கைகொடுக்கும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுத்தால் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவையுங்கள். 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று விடாதீர்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பிறகு

விறகுத் தீயில் பாத்திரம் வைப்பதாக இருந்தால், வைப்பதற்கு முன்பே அதன் வெளிப்புறத்தில் சோப்பை லேசாகப் பூசிவிடுங்கள். கரி படிந்தாலும் துடைத்தவுடன் போய்விடும். ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, கொஞ்சம் வெந்நீரில் கழுவுங்கள். ஆறு, ஏரி, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பரவலாக மண்ணில் வீசுங்கள். மக்கும் சோப்பு என்றாலும் ஓடையில் நேரடியாகக் கலக்கக் கூடாது.

மிச்ச உணவையும், குப்பையையும், பற்பசை போன்ற வாசனைப் பொருட்களையும் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்காதீர்கள், விலங்குகள் தேடி வரும். வண்டிக்குள் பூட்டுவதா, கெட்டியான பெட்டியில் வைப்பதா, மரத்தில் தொங்கவிடுவதா என்பது இடத்துக்கு இடம் மாறும், அங்கே உள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீயை அணைக்கும்போது மண் போட்டு மூடினால் உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை, அடுத்த பாட்டிலையும் ஊற்றுங்கள்.